கலர்ட்யூன் கண்ணாடி ஸ்பார்க் பிளக்: என் பழைய டிரக்கின் நெருப்பைப் பார்த்த அனுபவம்

புகைப் பரிசோதனைத் தாளில் கார்பன் மோனாக்சைடு 5.8 சதவீதம் என்று அச்சாகி வந்தது. என் வண்டிக்கு விதித்திருந்த எல்லை 3.5. எரியாமல் வெளியேறும் பெட்ரோலைக் காட்டும் ஹைட்ரோகார்பன் 640 பிபிஎம் (பத்து லட்சத்தில் 640 பங்கு), அது எல்லைக்குள்தான் இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அப்பா இருபது வருடம் ஓட்டிய டிரக் அது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தர இரண்டு பேரல் கார்புரேட்டர், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. அவர் போன பிறகு அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. ஓடாமல் நிறுத்தி வைக்கவும் மனம் வரவில்லை. ஓட வேண்டுமென்றால் அந்தத் தாளில் எண் இறங்கியாக வேண்டும்.

முதலில் ஒரு பட்டறைக்குத்தான் போனேன். அங்கிருந்தவர் எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டபடியே மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருப்பி, "இப்போ போய்க் காட்டுங்க" என்றார். போனேன். 5.6. மறுபடி அதே பட்டறை. இந்த முறை கார்புரேட்டரையே புதிதாக மாற்றச் சொன்னார். மாற்றியிருப்பேன், ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்ரோலைக் குறைக்கிற ஸ்க்ரூவை அரைச் சுற்று மூடியும் ஏன் எண் அசையவே இல்லை?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் கன்சன் நிறுவனத்தின் கலர்ட்யூன் கண்ணில் பட்டது. வாங்கி ஒரு மாதமாக வைத்து வேலை பார்த்துவிட்டேன். கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிற யாருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பொருள் இதுதான். வழக்கமான ஸ்பார்க் பிளக்கில் நடுவில் வெள்ளைப் பீங்கான் இருக்கும் அல்லவா, அந்த இடத்தில் இதில் கண்ணாடி. ஒரு சாதாரண பிளக்கைக் கழற்றிவிட்டு அதே மரையில் இதை மாட்ட வேண்டும். பிளக் ஒயருக்கும் இதற்கும் நடுவே இணைக்க ஒரு நீட்டிப்பு ஒயர் வருகிறது. பிளக்கின் மேல் செருகிப் பார்க்க ஒரு குழாயும், நேராகக் குனிந்து பார்க்க முடியாத இடத்துக்காக முகம் பார்க்கிற மாதிரி ஒரு சிறு கண்ணாடியும் உண்டு. எஞ்சினை ஓட விட்டால் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரிகிற நிறம் அப்படியே மேலே தெரியும். அவ்வளவுதான் இதன் வேலை. பேட்டரி இல்லை, திரை இல்லை, எண் காட்டாது.

நிறத்தைப் படிப்பது அடுப்பைப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் எளிது. கேஸ் அடுப்பில் காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கறுக்கும். எரியாத கரித்துகள் சூட்டில் ஒளிர்வதால் வரும் மஞ்சள் அது. காற்று சரியாகச் சேர்ந்தால் நீலம். எஞ்சினுக்குள்ளும் அதே கதைதான். மஞ்சளோ ஆரஞ்சோ தெரிந்தால் பெட்ரோல் அதிகம், பரிசோதனைத் தாளில் கார்பன் மோனாக்சைடு ஏறும். அடுப்பு நீலம் தெரிந்தால் கலவை சரி. வெளிறிய வெண்ணீலம் என்றால் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கைக் கண்ணால் பார்ப்பதற்கு நான் அறிந்த மலிவான வழி இதுதான்.

முதல் நாள் பட்டப்பகலில் மாட்டிவிட்டு ஒன்றும் தெரியாமல் தவித்தேன். வெயிலில் இந்த நிறம் தெரியாது. இருட்டு வேண்டும். அதற்காக வண்டியை ஷெட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தி எஞ்சினை ஓட்டக் கூடாது. நாம் குறைக்கப் பார்க்கிற அதே கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் ஆளைக் கொல்லும். நான் செய்தது, பொழுது சாயும் நேரத்தில் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, பானட்டின் மேலிருந்து பிளக் பக்கம் மட்டும் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டேன். ஃபேனும் பெல்ட்டும் சுற்றுகிற பக்கம் துணி போகாதபடி கயிற்றால் கட்டினேன். சைலன்சர் முனைக்கு எதிர்ப்பக்கம்தான் நின்றேன்.

இன்னொன்று. கலவையைப் பார்ப்பதென்றால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும், சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். என் எஞ்சினுக்கு வார்ப்பிரும்பு ஹெட் என்பதால் சூட்டோடு பிளக்கைக் கழற்றுவதில் சிரமமில்லை, கையுறை போதும். அலுமினிய ஹெட் என்றால் கொதிக்கும் சூட்டில் முரட்டுத்தனமாகக் கழற்றினால் மரை போய்விடும். முதலிலேயே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எல்லா பிளக்கையும் ஒரு தடவை கழற்றி, மரையைத் துடைத்து மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். கலர்ட்யூனைக் கையால் திருகி உட்கார வைத்து, அப்புறம் ஸ்பானரில் ஒரு சிறு இழுப்பு போதும். கண்ணாடி என்பதை மறக்க வேண்டாம்.

எஞ்சினை ஓட விட்டதும் மகள்தான் முதலில் குழாயில் கண்ணை வைத்தாள். "அப்பா, ஆரஞ்சா எரியுது. தீபாவளி மத்தாப்பு மாதிரி" என்றாள். நானும் பார்த்தேன். அப்பா இத்தனை வருடம் கேட்ட சத்தத்துக்குப் பின்னால் இருந்த நெருப்பு அது. சொன்னால் சிலருக்கு மிகையாகத் தெரியலாம், எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. நல்ல கெட்டியான ஆரஞ்சு, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பளிச்.

மிக்சர் ஸ்க்ரூவை எட்டில் ஒரு சுற்றாக உள்ளே திருப்பிக்கொண்டே வந்தேன். ஆரஞ்சு மாறவில்லை. இன்னும் திருப்பினேன். மாறவில்லை. கடைசியில் ஸ்க்ரூ லேசாக அடியில் போய் முட்டியது. (அங்கே அழுத்தி முடுக்கக் கூடாது, ஊசி முனையில் தடம் விழுந்தால் அந்த ஸ்க்ரூ அதன் பின் ஒழுங்காக வேலை செய்யாது.) ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, பெட்ரோல் வருகிற பாதையை முழுதாக அடைத்துவிட்டேன். எஞ்சின் நின்றிருக்க வேண்டும், குறைந்தபட்சம் தடுமாறியிருக்க வேண்டும். அதுவோ சாவகாசமாக ஆரஞ்சு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறையில் அரைச் சுற்று திருப்பியும் எண் அசையாததற்கு விடை இதுதான். பெட்ரோல் அந்த வழியாக வரவே இல்லை, வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. இந்த ஒரு கணத்துக்காகவே இந்தப் பொருளுக்குக் கொடுத்த பணம் எனக்குத் தகும். காதால் கேட்டு ட்யூன் செய்கிறவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை, அப்பாவும் அப்படித்தான் செய்தார். ஆனால் பெட்ரோல் அதிகமாக ஓடுகிற எஞ்சின் காதுக்கு மென்மையாகவே கேட்கும். அந்தச் சத்தத்தில் ஏமாந்துதான் நானும் பல வருடம் வண்டி நன்றாக ஓடுகிறது என்று நினைத்திருந்தேன்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து கார்புரேட்டரின் வாயைப் பார்த்தேன். வேகம் கொடுக்கும்போது பெட்ரோல் வருகிற மெயின் ஜெட்டின் வாய் ஐடிலில் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் வடிந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணத்தில் மட்டம் உயர்ந்திருக்கிறது, அது வழிகிறது. மறுநாள் எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மேல் மூடியைத் திறந்து, அந்த மட்டத்தில் மிதந்து பெட்ரோல் வரவை நிறுத்துகிற பித்தளை ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே ஆட்டினேன். உள்ளே சலசலத்தது. வெந்நீரில் அமுக்கியதும் ஒரு மடிப்பிலிருந்து மணிமணியாகக் குமிழி வந்தது. ஊசி முனை அளவு ஓட்டை. உள்ளே பெட்ரோல் புகுந்து ஃப்ளோட் கனத்துவிட்டது. கனத்த ஃப்ளோட் போதிய உயரத்துக்கு மிதக்காது, நீடில் வால்வு நேரத்துக்கு மூடாது, மட்டம் ஏறிக்கொண்டே போகும். ஃப்ளோட், நீடில் வால்வு, மேல் மூடிக் கேஸ்கெட் மூன்றையும் புதிதாகப் போட்டு, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன உயரத்துக்கு ஃப்ளோட்டின் நாக்கை வளைத்து வைத்தேன். கார்புரேட்டர் அதேதான். மாற்றவில்லை.

ஃப்ளோட்டை மாட்டிய கையோடு எஞ்சின் ஆயிலையும் மாற்றினேன். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் பெட்ரோல் அதிகமாக ஓடிய எஞ்சினில் கொஞ்சம் பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்திருக்கும். எஞ்சின் சூடானதும் அது ஆவியாகி, எஞ்சினின் அடிப்பகுதி ஆவியைத் திரும்ப உள்ளே அனுப்புகிற பிசிவி வால்வு வழியாகத் திரும்பவும் எஞ்சினுக்குள்தான் வரும். கலவை சரியாக இருந்தாலும் பரிசோதனைத் தாளில் எண்ணை ஏற்றிவிடும். என் ஆயில் குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் பங்க் வாடை அடித்தது.

அடுத்த மாலை மறுபடி போர்வை, மறுபடி குழாய். ஸ்க்ரூவை அடியில் லேசாகத் தொட வைத்து அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே வைத்துத் தொடங்கினேன். முதல் சிலிண்டரில் ஆரஞ்சு. எட்டில் ஒரு சுற்று உள்ளே. ஆரஞ்சுக்கு நடுவே நீலக் கீற்று வந்தது. இன்னொரு எட்டு. ஆரஞ்சு ஓரங்களில் மட்டும் மின்னியது. இன்னொன்று, அவ்வளவுதான், முழு நீலம். மகள் கைதட்டினாள். அங்கேயே நிறுத்தி, ஐடில் வேகத்தைச் சரிசெய்து, திரும்ப ஒரு முறை பார்த்தேன். வேகத்தை மாற்றினால் கலவையும் சற்று நகரும் என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் பிடிக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஒரு சிலிண்டரில் நீலம் பார்த்ததும் மூட்டை கட்டிவிடுவது. நான்கிலும் மாற்றிப் பாருங்கள். எனக்கு இரண்டிலும் மூன்றிலும் நீலம் சரியாக வந்தது. நான்காவதில் வெளிறிய வெள்ளை, அதுவும் நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுவிட்டு. ஒரே கார்புரேட்டரிலிருந்து போகிற கலவை ஒரு சிலிண்டருக்கு மட்டும் நீர்த்துப் போகிறது என்றால், அந்தப் பாதையில் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. கலவையை அந்த சிலிண்டருக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்ட் குழாயிலிருந்துதான், பிரேக் மிதியை இலகுவாக்குகிற பிரேக் பூஸ்டரின் வேக்யூம் (உறிஞ்சு விசை) ஹோஸ் கிளம்புகிறது. எஞ்சின் ஓடும்போதே மேனிஃபோல்ட் பக்கத்தில் ஹோஸைப் பிளையரால் துணி வைத்து நசுக்கினேன். குழாயில் கண் வைத்திருந்த மகள் "இப்போ நீலம்!" என்று கத்தினாள். விட்டேன், வெள்ளை. நசுக்கினேன், நீலம். பூஸ்டர் முனையில் ஹோஸ் அடிப்பக்கமாகப் பிளந்திருந்தது, மேலிருந்து பார்த்தால் தெரியாது. பிரேக் சம்பந்தப்பட்ட ஹோஸ் என்பதால் அந்தக் கண்டுபிடிப்புக்கு நான் தனியாகவே நன்றி சொல்வேன்.

கையில் ஒரு வேக்யூம் கேஜும் இருந்தது. ஹோஸ் மாற்றுவதற்கு முன் ஐடிலில் 15 அங்குலம் (பாதரச அளவில்), மாற்றிய பிறகு 18.5. கடல் மட்டத்தில் நல்ல நிலையிலுள்ள எஞ்சின் 17 முதல் 22 அங்குலம் வரை ஆடாமல் காட்டும், உயரமான ஊர் என்றால் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் குறைத்துக் கணக்கிட வேண்டும். கலர்ட்யூனையும் வேக்யூம் கேஜையும் சேர்த்து வாங்குங்கள் என்பது என் பரிந்துரை. கேஜ் கசிவு இருக்கிறது என்று சொல்லும், எந்த சிலிண்டர் பக்கம் என்று சொல்லாது. கண்ணாடி பிளக் அதைச் சொல்லிவிடும்.

ஆக்சிலரேட்டர் பம்பையும் இதில் பார்க்கலாம். கம்பியைச் சட்டென்று இழுத்துவிட்டால் ஒரு நொடி ஆரஞ்சு மின்ன வேண்டும், பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது என்று பொருள். மின்னாமல் வெளிறினால் பம்ப் வலுவிழந்திருக்கிறது. 2,500 ஆர்பிஎம்மில் நிதானமாகப் பிடித்தால் திரும்ப நீலத்தில் நிற்க வேண்டும். என்னுடையதில் நின்றது, அதனால் மெயின் ஜெட்டைத் தொடவில்லை.

சரி, இதனால் ஆகாத வேலைகள். இது எண் தராது. நீலம் வந்துவிட்டால் பரிசோதனையில் தேறிவிடுவோம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஹைட்ரோகார்பன் அதிகம் என்பது உங்கள் பிரச்சினை என்றால் முதலில் பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, டைமிங், கம்ப்ரெஷன் இவற்றைப் பாருங்கள். எரியாமல் வெளியேறுகிற பெட்ரோல்தான் ஹைட்ரோகார்பன், அது தீப்பொறி தவறுவதாலும் வரும், கலவை மிகவும் நீர்த்துப்போய் எரியாமல் விடுவதாலும் வரும். கார்பன் மோனாக்சைடை இன்னும் இறக்குகிறேன் என்று ஸ்க்ரூவை மூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஹைட்ரோகார்பன் கிடுகிடுவென்று ஏறுவது அதனால்தான். நைட்ரஜன் ஆக்சைடு இதில் தெரியவே தெரியாது. அது எரிப்புச் சூட்டைப் பொறுத்தது, பெரும்பாலும் சுமையில் ஓடும்போதுதான் வெளியே வரும். உருளைகளின் மேல் வண்டியை ஓட விட்டுச் சோதிக்கிற இடமாக இருந்தால் டைமிங்கையும், எரிப்புச் சூட்டைத் தணிக்கப் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடுகிற இஜிஆர் வால்வையும் தனியே கவனிக்க வேண்டும். கண்ணாடி பிளக்கோடு வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் சுமையில் கலவை எப்படி என்று பார்க்கவும் வழியில்லை.

சில நிமிடம் ஓடினால் கண்ணாடி நன்றாகச் சூடாகும். பார்த்து முடித்ததும் எஞ்சினை நிறுத்திவிடுவேன். எஞ்சின் ஆயில் எரிக்கிற வண்டியாக இருந்தாலோ, என்னுடையதுபோல் ஆரம்பத்தில் பெட்ரோல் வழிந்தாலோ கரி படிந்து மங்கும். அப்போதெல்லாம் கழற்றி, ஆற விட்டு, துடைத்துவிட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இது பயன்படாது, பக்கத்தில் ஒருவர் வேண்டும். எனக்கே நீலத்துக்கும் வெண்ணீலத்துக்கும் வித்தியாசம் பிடிபட இரண்டு மாலைகள் ஆயின. மகளுக்கு முதல் நாளே பிடிபட்டது.

மூன்றாவது பரிசோதனைக்குக் காலையில் நல்ல நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் போனேன். வரிசையில் நிற்கும்போதும் எஞ்சினை ஆற விடவில்லை. ஆறின எஞ்சினில் சோக் மூடிக்கொள்ளும், நாம் பார்த்த வேலையெல்லாம் வீண். பரிசோதனைக் கருவியின் குழாயைச் சைலன்சருக்குள் விட்டார்கள். கார்பன் மோனாக்சைடு 1.3 சதவீதம். ஹைட்ரோகார்பன் 210 பிபிஎம். சோதித்தவர் திரையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கார்புரேட்டரைப் புதிதாகப் போட்டீர்களா என்று கேட்டார். ஃப்ளோட் மட்டும் என்றேன்.

வாங்குகிறவர்கள் தங்கள் பிளக்கின் மரை அளவைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்கும் 14 மில்லிமீட்டர், சில பைக்குகளுக்கு 10 அல்லது 12, சில பழைய எஞ்சின்களுக்கு 18. பிளக் ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிற எஞ்சின் என்றால் பார்க்கும் குழாய் அதற்குள் போகிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிக்கு வாங்க வேண்டாம், அங்கே கலவையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, நீங்கள் திருப்ப ஸ்க்ரூவே இருக்காது.

என்னுடையது இப்போது டிரக்கின் டேஷ்போர்டு பெட்டிக்குள், அப்பாவின் ஸ்க்ரூடிரைவர் பக்கத்தில், ஒரு பழைய காலுறையில் சுற்றிக் கிடக்கிறது. மூடியின் உள்பக்கம் மகள் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறாள்: "ஸ்க்ரூ 1 சுற்று, அப்புறம் 5 எட்டு. நாலாவதைப் பார்க்க மறக்காதே."